டாஸ்பாக்ஸில் பழைய விளையாட்டுகளின் சத்தம் பொரிவதும், இசை காணாமல் போவதும் ஏன்?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அப்பா 90-களில் வாங்கி வைத்த விளையாட்டு சிடிக்களை இப்போது லேப்டாப்பில் டாஸ்பாக்ஸ் (விண்டோஸுக்கு முந்தைய டாஸ் கம்ப்யூட்டர் போலவே நடிக்கும் எமுலேட்டர் மென்பொருள்) போட்டு ஓட்டுகிறீர்கள். ‘டேவ்’ வெறும் பீப் சத்தம்தான் போடுகிறது. ‘டூம்’ நன்றாகத் தொடங்குகிறது. கால் மணி நேரம் போனதும் சத்தம் பொரிய ஆரம்பிக்கிறது, சுட்ட பிறகுதான் துப்பாக்கிச் சத்தம் வருகிறது, இசையும் யூடியூபில் கேட்டது போல இல்லை. ‘குவேக்’கில் மற்ற சத்தமெல்லாம் இருக்கிறது, இசை மட்டும் இல்லை. டாஸ்பாக்ஸின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் கோப்பில் கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டு, ரிச்சி தெருவில் சவுண்ட் பிளாஸ்டர் என்ற பழைய ஒலிக் கார்டு தேடி வாங்கினால் சரியாகுமா என்று கேட்கிறீர்கள். கார்டைப் பற்றிக் கேட்டாலும், சத்தம் எந்த இடத்தில் கெடுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் உங்களுக்குத் தெரியவேண்டியது. அந்தக் கார்டுகளை ஜம்பர் (கார்டின் எண்களை அமைக்கும் சின்ன இணைப்பு) மாற்றி மாற்றிப் பொருத்திக் கொடுத்த காலத்திலிருந்து இந்த வேலையில் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கார்டு வாங்காதீர்கள். இதில் சந்தேகமே இல்லை. அந்தக் காலத்துச் சவுண்ட் பிளாஸ்டர் ஐஎஸ்ஏ என்ற பழைய வகை ஸ்லாட்டில் உட்காரும் கார்டு. உங்கள் லேப்டாப்பில் அதற்கு இடமே கிடையாது. இன்னொரு காரணமும் உண்டு. டாஸ்பாக்ஸ் எந்த நிஜக் கார்டையும் தேடுவதில்லை. கார்டு செய்த வேலையை மென்பொருளாகவே செய்து, வரும் ஒலியை விண்டோஸிடம் கொடுத்துவிடுகிறது. விளையாட்டுக்கு அது எஸ்பி 16 (சவுண்ட் பிளாஸ்டர் 16) கார்டாகத் தெரியும். விண்டோஸுக்கு அது பாட்டு ஓட்டும் இன்னொரு புரோகிராம், அவ்வளவுதான்.

டேவில் எந்தக் கோளாறும் இல்லை. டாஸில் அது வந்தது 1990-ல், எழுதப்பட்டதே பிசி ஸ்பீக்கருக்காக. மதர்போர்டில் இருந்த ஒரு டைமர் சிப் அந்தச் சின்ன ஸ்பீக்கரை ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டும் ஊத வைக்கும். எந்தக் கார்டைத் தேர்ந்தெடுத்தாலும் டேவ் அப்படித்தான் கேட்கும், அதுதான் அதன் அசல் ஒலி. ஆனால் அதை ஒரு சோதனைக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். டேவை அரை மணி நேரம் ஓட விடுங்கள். பீப் சத்தம் சுத்தமாக, இடையில் ‘டிக் டிக்’ இல்லாமல் வந்தால், உங்கள் ஸ்பீக்கர், விண்டோஸின் ஆடியோ டிரைவர் இரண்டும் பெரும்பாலும் நல்லவை. டேவிலேயே பொரிந்தால் டாஸ்பாக்ஸை விட்டுவிடுங்கள். வைஃபையை அணைத்துவிட்டு ஒரு பாட்டை ஓட்டிக் கேளுங்கள். சில லேப்டாப்களில் வைஃபை டிரைவர் இடையில் புகுந்து ஆடியோவைத் தடுக்கும்.

இனி டூம். சவுண்ட் பிளாஸ்டர் எப்படி வேலை செய்தது என்று தெரிந்தால்தான் பொரிகிற சத்தம் புரியும், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். விளையாட்டு தன் ஒலியை நினைவகத்தில் ஒரு சின்ன இடத்தில் போட்டு வைக்கும். கார்டு அதை டிஎம்ஏ (புராசஸரைத் தொந்தரவு செய்யாமல் நினைவகத்தைப் படிக்கும் வழி) வழியாகத் தானாக எடுத்து வாசித்துக்கொண்டே போகும்; பாதி முடிந்ததும் ஐஆர்க்யூ என்ற அழைப்பு மணி வழியாகப் புராசஸரைக் கூப்பிடும். அந்தக் கூப்பிடுதலைக் கேட்டு, காலியான பாதியை விளையாட்டு நிரப்பிவிட வேண்டும். கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடுகிறவர் நிறுத்தாமல் சாப்பிடுகிறார், இலை காலியாகும் முன் பரிமாறுகிறவர் வந்துவிட வேண்டும். பரிமாறுகிறவர் மெதுவானாலும் இலை காலி, உள்ளே சமையற்கட்டில் சமையல் தாமதமானாலும் இலை காலி. டாஸ்பாக்ஸிலும் இப்படித்தான் இரண்டு இடத்தில் தாமதம் வரலாம்: ஒன்று, டாஸ்பாக்ஸுக்குள் இருக்கும் கற்பனைக் கம்ப்யூட்டர், இன்னொன்று, அதைச் சுமந்துகொண்டிருக்கும் உங்கள் லேப்டாப். இரண்டிலும் காதுக்குக் கேட்பது ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஆனால் வைத்தியம் நேர் எதிர். ஒன்றுக்குச் செய்வதை மற்றதற்குச் செய்தால் சத்தம் இன்னும் கெடும். கான்ஃபிக்கில் எதை மாற்றியும் பலனில்லை என்று நிறையப் பேர் சொல்வதற்கு இதுதான் காரணம்.

எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க இரண்டு விசை போதும். சத்தம் பொரியும்போது டாஸ்பாக்ஸ் ஜன்னலின் தலைப்புப் பட்டையைப் பாருங்கள், சைக்கிள்ஸ் (கற்பனைக் கம்ப்யூட்டரின் வேகம்) எவ்வளவு என்று அதில் இருக்கும். கன்ட்ரோலும் எஃப் 12-ம் சேர்த்து அழுத்தினால் அது கூடும், கன்ட்ரோலும் எஃப் 11-ம் சேர்த்து அழுத்தினால் குறையும். கூட்டும்போது சத்தம் தெளிந்தால், உள்ளே இருக்கும் கற்பனைக் கம்ப்யூட்டருக்குத்தான் வேகம் போதவில்லை. அந்த நிலையில் வெறும் ‘டிக்’ மட்டும் கேட்காது. நிரப்பப்படாத பழைய ஒலியையே கார்டு மறுபடி வாசிப்பதால் ஒரே துண்டு திக்கித் திக்கி வரும். கூட்டும்போது இன்னும் மோசமாகி, குறைக்கும்போது தெளிந்தால், திணறுவது உங்கள் லேப்டாப்.

நீங்கள் சொன்ன ஒரு விவரம் எனக்கு முக்கியமாகப் படுகிறது: தொடக்கத்தில் நன்றாக இருந்து, கால் மணி நேரத்துக்குப் பிறகு கெடுகிறது. கான்ஃபிக்கில் தப்பு இருந்தால் முதல் நொடியிலேயே கெட்டிருக்கும். நேரம் போகப் போகக் கெடுகிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது சூட்டை. டாஸ்பாக்ஸ் 0.74 பதிப்பில் சைக்கிள்ஸ் ‘ஆட்டோ’ என்றுதான் இருக்கும். பழைய சாதாரண விளையாட்டுகளுக்கு அது 3000 கொடுக்கும். டூம் போல, பெரிய நினைவகத்தைப் பயன்படுத்தும் புரொடெக்டட் மோடில் ஓடும் விளையாட்டு என்றால் ‘மேக்ஸ்’ ஆகிவிடும், அதாவது லேப்டாப்பால் முடிந்த அளவு வேகம் முழுவதும். புராசஸரின் ஒரு கோர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும், விசிறி சுற்றும், லேப்டாப் சூடாகும். கத்திரி வெயிலில், ஏசி இல்லாத அறையில், மெத்தைமேல் வைத்து விளையாடினால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் புராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அது குறைகிற இடத்தில்தான் சத்தம் பொரியத் தொடங்கும். இங்கே உட்கார்ந்துகொண்டு உங்கள் லேப்டாப்பும் இப்படித்தான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து வையுங்கள். சத்தம் கெடும் நேரத்தில் புராசஸர் வேகம் சட்டென்று இறங்கினால் சந்தேகம் தீர்ந்தது. சார்ஜரைப் பிடுங்கியதும் கெடுகிறது என்றால் அது சூடு இல்லை, பேட்டரி மிச்சப்படுத்தும் பவர் மோடு.

இதற்கு மருந்து எளிது. டூமுக்கு அவ்வளவு வேகம் தேவையே இல்லை. 1993-ல் அது 486 கம்ப்யூட்டர்களில் சுகமாக ஓடியது, நொடிக்கு 35 ஃபிரேமுக்கு மேல் அது காட்டவும் செய்யாது. கான்ஃபிக் கோப்பில் சைக்கிள்ஸ் என்ற வரியில் ‘ஆட்டோ’வை எடுத்துவிட்டு ‘ஃபிக்ஸட் 25000’ என்று போடுங்கள். ஏறக்குறைய ஒரு 486 டிஎக்ஸ் 2 கம்ப்யூட்டரின் வேகம் கிடைக்கும். நடுவில் எங்கேயாவது இழுத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொள்ளுங்கள். குவேக்குக்கு இது பத்தாது. அது பென்டியம் காலத்து விளையாட்டு, 80,000-க்கு மேல் தேவைப்படும், கான்ஃபிக்கில் கோர் என்ற வரியும் ‘டைனமிக்’ என்று இருப்பது நல்லது. ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனிக் கான்ஃபிக் கோப்பு வைத்துக்கொண்டால் தினமும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இதுவரை மாற்றியதையெல்லாம் அழித்துவிட்டு, முதலில் வந்த கோப்பிலிருந்து தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இது ரொம்ப முக்கியம்.

சைக்கிள்ஸைச் சரி செய்த பிறகும் எப்போதாவது ஒரு ‘டிக்’ கேட்டால் மட்டும் கான்ஃபிக்கின் மிக்சர் பகுதிக்குப் போங்கள். 0.74-ல் ரேட் (நொடிக்கு எத்தனை ஒலி மாதிரி) 44100, பிளாக்சைஸ் (ஒரு தடவையில் கொடுக்கும் மாதிரிகள்) 1024, ப்ரீபஃபர் (முன்கூட்டியே சேர்த்து வைக்கும் ஒலி) 20 என்று இருக்கும். 1024 மாதிரிகள் என்றால் ஏறக்குறைய 23 மில்லி நொடி ஒலி. அதை 2048 ஆக்கினால் லேப்டாப்புக்கு மூச்சுவிட இன்னும் கொஞ்சம் நேரம் கிடைக்கும், ஆனால் சத்தமும் அவ்வளவு பிந்தி வரும். உங்கள் துப்பாக்கிச் சத்தம் தாமதமாக வருவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். பொரிவதை நிறுத்த ப்ரீபஃபரில் பெரிய எண் ஏதாவது போட்டுவிட்டீர்களா என்று பாருங்கள். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி: ப்ளூடூத் ஹெட்செட்டில் கேட்கிறீர்களா? அப்படியென்றால் தாமதம் அதில்தான். ப்ளூடூத் ஒலி காதுக்கு வர நொடியில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு பிடிக்கும், டாஸ்பாக்ஸில் என்ன மாற்றினாலும் அது குறையாது. ஒயர் வைத்த ஹெட்ஃபோனைச் செருகிக் கேளுங்கள். அதே ஹெட்செட்டின் மைக்கை ஏதாவது மீட்டிங் ஆப் பிடித்து வைத்திருந்தால் ஒலி முழுவதும் போன் பேச்சு மாதிரி மங்கிப்போகும். அதையும் நிறையப் பேர் எமுலேட்டர் கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள்.

டூம் இசை யூடியூபில் வேறு மாதிரி இருப்பதில் பழுது ஒன்றும் இல்லை, இரண்டும் வேறு வேறு கருவிகள். 1987-ல் வந்த ஆட்லிப் கார்டிலும், 1989-ல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் கொண்டுவந்த சவுண்ட் பிளாஸ்டரிலும் இருந்தது யமஹாவின் ஓபிஎல் 2 சிப். ஒரு அலையால் இன்னொரு அலையை அசைத்து ஒலியை உண்டாக்கும் எஃப்எம் முறை அதில். ஒரே நேரத்தில் ஒன்பது குரல். கிடாரும் டிரம்ஸும் அதில் கிடாராகவும் டிரம்ஸாகவும் கேட்காது. ஆனால் நம்மூரில் அன்றைக்கு வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் கேட்டது அந்த ஒலியைத்தான். உங்கள் அப்பாவைக் கூப்பிட்டு ஓபிஎல் இசையைப் போட்டுக் காட்டுங்கள், அவருக்குத் தெரிந்த டூம் அதுவாகத்தான் இருக்கும். நீங்கள் யூடியூபில் கேட்டது அநேகமாக ஜெனரல் மிடி (எந்த எண்ணுக்கு எந்த வாத்தியம் என்ற பொது வரிசை), ரோலண்டின் எஸ்சி 55 போன்ற தனிக் கருவியில் வாசித்தது. அதில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் பதிவு செய்த நிஜ ஒலி இருக்கும். அன்றைக்கு அதை வாங்க ஒரு கம்ப்யூட்டருக்கான பணத்தில் நல்ல பங்கைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

அந்த ஒலிதான் வேண்டும் என்றால் டாஸ்பாக்ஸுக்குள்ளேயே டூமின் செட்டப் புரோகிராமை ஓட்டி, மியூசிக் கார்டில் ‘ஜெனரல் மிடி’யும், சவுண்ட் எஃபெக்ட் கார்டில் ‘சவுண்ட் பிளாஸ்டர்’உம் தேர்ந்தெடுங்கள். இரண்டையும் தனித்தனியாகக் கேட்கும், இதைக் கவனிக்காமல் கடந்துபோகிறவர்கள் அதிகம். விண்டோஸில் உள்ளேயே ஒரு மிடி சிந்தசைசர் இருப்பதால் உடனே ஏதோ கேட்கும், தரம் சுமார்தான். லினக்ஸில் இப்படி எதுவும் தயாராக இருக்காது. இசை மட்டும் மௌனமாக இருந்தால் காரணம் அதுதான். நல்ல ஒலிக்கு டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங் என்ற பிரிவுப் பதிப்பைப் பாருங்கள். அதில் ஃப்ளூயிட்சிந்த் என்ற மிடி சிந்தசைசர் உள்ளேயே இருக்கிறது, ஒரு நல்ல சவுண்ட்ஃபான்ட் (வாத்திய ஒலிகளின் தொகுப்பு) கோப்பைக் காட்டிவிட்டால் போதும். அமைப்புகளின் பெயர்களும் தொடக்க எண்களும் அதில் கொஞ்சம் வேறுபடும். நான் இங்கே சொன்னதெல்லாம் 0.74-க்கு. ஒரு எச்சரிக்கை: 80-களின் கடைசியில் வந்த சாகச விளையாட்டுகள் பலவற்றின் பட்டியலில் ‘எம்டி 32’ என்று இருக்கும். அது ரோலண்டின் வேறொரு கருவி, ஜெனரல் மிடி இல்லை, வாத்தியங்களின் வரிசையே வேறு. ஒன்றுக்காக எழுதியதை மற்றதில் வாசித்தால் புல்லாங்குழல் வரவேண்டிய இடத்தில் டமாரம் வரும். அதற்கு மண்ட் என்ற எமுலேட்டர் இருக்கிறது, ஆனால் அசல் கருவியின் ரோம் கோப்புகள் (கருவிக்குள் பதித்திருந்த மென்பொருளும் ஒலிகளும்) இல்லாமல் அது ஓடாது. அவை காப்புரிமை உள்ளவை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், அடுத்த சிடியைப் போடும்போது கட்டாயம் வரும். இசை வருகிறது, வெடிச் சத்தமும் பேச்சும் மட்டும் வரவில்லை என்றால், ஐஆர்க்யூ, டிஎம்ஏ எண்களைச் சந்தேகப்படுங்கள். ஓபிஎல் இசைக்கு அந்த இரண்டும் தேவையில்லை, போர்ட் எண் 388 மட்டும் போதும்; அதனால்தான் இசை தப்பித்துவிடுகிறது. முதல் சத்தத்தின் ஒரு துண்டு மட்டும் முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வந்தால் அநேகமாக ஐஆர்க்யூ எண் தப்பு: கார்டு கூப்பிடுகிறது, விளையாட்டு வேறு கதவில் காத்திருக்கிறது. டாஸ்பாக்ஸில் ‘செட்’ என்று தட்டி என்டர் அடித்தால் ‘பிளாஸ்டர்’ என்று ஒரு வரி வரும்: A220 I7 D1 H5 T6. முதலில் முகவரி, அடுத்து ஐஆர்க்யூ, அப்புறம் டிஎம்ஏ, 16 பிட் டிஎம்ஏ, கடைசியில் கார்டு வகை. 6 என்றால் எஸ்பி 16. இதே எண்களை விளையாட்டின் செட்டப்பில் கொடுக்க வேண்டும். நிஜக் கம்ப்யூட்டரில் ஐஆர்க்யூ 7 பிரின்டர் போர்ட்டுக்கும் உரியது, அதனால் நாங்கள் ஜம்பரை 5-க்கு மாற்றி வைப்போம். சில விளையாட்டுகள் 5 என்றே எதிர்பார்ப்பது அந்தப் பழக்கத்தால்தான். அப்படி ஒன்று மாட்டினால் கான்ஃபிக்கில் ஐஆர்க்யூவை 5 ஆக்கிவிடுங்கள். டாஸ்பாக்ஸில் மோதுவதற்குப் பிரின்டர் இல்லை.

குவேக்குக்கு வருகிறேன். 1996-ல் வந்த இந்த விளையாட்டின் இசை விளையாட்டுக் கோப்புகளுக்குள் இல்லை. சிடியில் முதல் டிராக் டேட்டா. இரண்டாவது டிராக்கிலிருந்து சாதாரண ஆடியோ சிடி போலப் பாட்டுகள். வீட்டு சிடி பிளேயரில் போட்டாலும் அவை பாடும். ஃபோல்டரை மட்டும் காப்பி செய்துகொண்டால் சத்தம் எல்லாம் வரும், இசை வராது. நீங்கள் சொன்னது அப்படியே இதுதான், இதில் எனக்கு ஐயம் இல்லை. சிடியை ஐஎஸ்ஓ என்ற ஒற்றைக் கோப்பாக மாற்றி வைத்திருந்தாலும் இதே கதை. ஐஎஸ்ஓ டேட்டாவை மட்டும்தான் வைத்துக்கொள்ளும், ஆடியோ டிராக்குக்கு அதில் இடமில்லை. சிடியை பின் (சிடியின் உள்ளடக்கம்), க்யூ (டிராக்குகளின் பட்டியல்) என்ற இரண்டு கோப்புகளாக எடுத்து, டாஸ்பாக்ஸில் இமேஜ்மவுன்ட் கட்டளையில் க்யூ கோப்பின் பெயரைக் கொடுக்க வேண்டும்.

எடுத்த பிறகு க்யூ கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள், சில வரிகள்தான் இருக்கும். ‘டிராக் 01’ என்பதற்கு எதிரே ‘மோட் 1’ என்றும், ‘டிராக் 02’-லிருந்து ‘ஆடியோ’ என்றும் இருக்க வேண்டும். குவேக்கில் அது 11 வரை போகும். ‘ஆடியோ’ என்ற சொல்லே இல்லாவிட்டால் அந்த சிடியில் இசை இல்லை. அன்றைக்குச் சந்தையில் புழங்கிய பல சிடிக்கள், ஒரே தட்டில் இருபது முப்பது விளையாட்டைத் திணிப்பதற்காக ஆடியோ டிராக்குகளை வெட்டி எறிந்தவை. அப்பாவிடம் இருப்பது அந்த மாதிரி என்றால் டாஸ்பாக்ஸால் ஒன்றும் செய்ய முடியாது; விளையாட்டை முறையாக மறுபடி வாங்குவதே வழி, இன்றைக்கும் அது விற்பனையில் இருக்கிறது. ‘ஆடியோ’ வரிகள் இருந்தும் இசை வராவிட்டால், முதல் வரியில் உள்ள கோப்புப் பெயரும் உங்கள் பின் கோப்பின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள். பின் கோப்புக்குப் புதுப் பெயர் வைத்துவிட்டு க்யூவில் மாற்ற மறப்பது அடிக்கடி நடப்பது. இவ்வளவு வருஷம் ஆன சிடி என்பதால் படிக்கும்போது பிழை வரலாம். முதலில் இமேஜ் எடுத்துவிட்டு, அதன்பின் சிடியைப் பத்திரமாக உள்ளே வையுங்கள். அப்பாவின் மற்ற சிடிக்களுக்கும் இந்த வேலையை இப்போதே செய்துவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

விளையாட்டே ஓடாதபோதும் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல் தொடர்ந்து கேட்டால் அது தனிப் பிரச்சினை, பெரும்பாலும் எர்த். சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றுவிடும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த பிளக் பாயின்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இவ்வளவையும் பார்த்த பிறகும் டூம் பொரிந்தால், நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து இதற்கு மேல் என்னால் சொல்ல இயலாது. டாஸ்பாக்ஸ் பதிப்பு எண், சத்தம் கெடும்போது தலைப்புப் பட்டையில் இருந்த சைக்கிள்ஸ், எஃப் 11, எஃப் 12 சோதனையில் கேட்டது, ஹெட்ஃபோன் எந்த வகை, இந்த நான்கையும் இங்கேயே பதிலாக எழுதுங்கள். முடிந்தால் சத்தத்தை ஒரு நிமிடம் போனில் பதிவு செய்து போடுங்கள், கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.